ஞாயிற்றுக்கிழமை வரவு

மூவாயிரத்து ஐந்நூறு என்றார். மூவாயிரம் என்றேன்.
வங்கியில் இருப்பவள் பேரம் பேசாவிட்டால்
சம்மனசு மேரி வாரம் முழுக்கச் சொல்லிக் காட்டுவாள்.
மூவாயிரத்து இருநூறில் கயிறு அவிழ்ந்தது.

ஜாம்புவானோடைத் துறை, காலை ஆறரை.
கோரையாறு ஆறிப்போன டீயின் நிறத்தில்.
நகை மதிப்பீட்டாளர் தாயுமானவன்
ஆற்றையும் உரசிப் பார்ப்பவர் போல
ஒரு விரலை நீரில் விட்டபடி வந்தார்.

இரு கரையிலும் அலையாத்தி.
பென்சில் பெட்டியைச் சேற்றில் கவிழ்த்தது மாதிரி
மூச்சுவேர்கள்.
மதகு மதகாக, வயல் வயலாகக் கைமாறி
இங்கே வந்து சேரும்போது
காவிரி என்று கூப்பிட்டால்
திரும்பிப் பார்க்காது இந்தத் தண்ணீர்.

தூண்டிலில் இறாலைக் கோத்துத் தந்தார் படகுக்காரர்.
ஒரு மணி நேரத்தில்
எனக்கு ஒரு கெளுத்தி, கட்டைவிரலில் ஒரு குத்து.
சம்மனசுக்கு மன்னார்குடி ஜவுளிக்கடைப் பை,
விலாசம் அழியாமல்.
"மேலேர்ந்து நீங்க அனுப்புனது" என்றார்.
பிறகு அவரே எழுந்து
வீச்சுவலையை ஒரு சுழற்றில் விரித்தார்.
மடவை ஏழு. கொடுவா ஒன்று.
நாங்கள் மூவரும் சேர்ந்து பிடித்ததாக
தாயுமானவன் போட்டோ எடுத்துக்கொண்டார்.

பூநாரை பார்க்கத்தான் வந்தோம்.
தீவுத் திட்டில் சேறு மட்டும் நின்றது.
"நேத்து வரைக்கும் இருந்துச்சும்மா."
தவணை கேட்டுப் போகிற வீடுகளில்
பணத்தைப் பற்றிச் சொல்வார்களே, அதே குரல்.

திட்டை ஒட்டி எஞ்சின் இருமி நின்றது.
காற்றாடியில் பாசி.
மூடியைத் தூக்கினார்.
உள்பக்கம் வெள்ளைப் பெயிண்டில்
எங்கள் கிளையின் பெயர். அடமானம். எண் நூற்றுப் பதினேழு.

த. உத்திராபதி.
கஜா புயலுக்குப் பிந்தைய கடன்.
நான்கு தவணை பாக்கி.
மூன்றாவது நோட்டீஸ் போன புதன்கிழமை போனது.
கையெழுத்து என்னுடையது,
அச்சடித்த மாதிரி இருக்கும் என்பார்கள்.
நோட்டீஸில் முகம் இருப்பதில்லை
என் பக்கத்திலும், அவர் பக்கத்திலும்.

காட்டுக்குள் அடுப்பு மூட்டக்கூடாது.
படகிலேயே மண்ணெண்ணெய் ஸ்டவ்,
வீட்டிலிருந்து வந்த சோறு,
புளி தூக்கலான குழம்பு.
"மேடத்துக்குத் தலை" என்று கொடுவாத் தலையை
என் இலையில் வைத்தார்.
அதன் கண்ணைப் பார்க்காமல் சாப்பிடுவது
எப்படியென்று தெரியவில்லை எனக்கு.
காலையில் நான் குறைத்த முந்நூறு ரூபாய்
எங்கள் வங்கிக்கு வர வேண்டியது
என்பது மோர் ஊற்றும்போது உறைத்தது.
சிரிப்பு வந்தது, புரையேறியது.
தாயுமானவன் தலையில் தட்டினார்:
"யாரோ நினைக்கிறாங்க."

துறைக்கு வந்ததும் மூவாயிரத்து ஐந்நூறு நீட்டினேன்.
எண்ணினார். மறுபடி எண்ணினார்.
முந்நூறைத் திருப்பித் தந்தார்.
"பேசுனது மூணு எரநூறு."
"வச்சுக்குங்க" என்றேன்.
கயிற்றைக் குச்சியில் சுற்றினார், அவசரமில்லாமல்.
"அப்ப நூத்திப் பதினேழுல வரவு வச்சுருங்க மேடம்."

காலையிலிருந்தே தெரிந்திருக்கிறது.
பேரத்தின்போதும்,
தலையை வைத்தபோதும்.

திங்கட்கிழமை
எண்ணும் மெஷின் மூன்று நோட்டையும் துப்பியது.
சம்மனசு விரலை நாக்கில் தொட்டு எண்ணினாள்,
முகம் சுளித்து "உப்பு" என்றாள்.

ரசீது என் மேசைக் கண்ணாடிக்கு அடியில்தான் இருக்கிறது.
காற்று அதிகம் போலிருக்கிறது, அவர் வரவில்லை.
வந்தால் சொல்ல வேண்டும்:
முந்நூறும் அபராத வட்டிக்கே போய்விட்டது,
அசல் அப்படியே நிற்கிறது என்று.
எந்தக் குரலில் என்றுதான்
இன்னும் முடிவாகவில்லை.